திருப்பிக் கொடுத்த பேர்

பிப்ரவரி 3, திங்கள்

கெங்கம்மா வழக்கு பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கு வருகிறது. போன வருஷ அறுவடையின்போது போட்ட மனு. அதற்குள் அவள் வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஐந்து மாவட்டம் சுற்றித் திரும்பிவிட்டாள். மனு மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

மறந்துவிடாமல் இருக்க விவரத்தை இங்கே எழுதி வைக்கிறேன். கெங்கம்மா வாத்து மேய்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தவள். சொந்த ஊர் என்று கேட்டால் வடக்கே கையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன் துலுக்காணம் என்ற புருஷனை விட்டுப் பிரிந்து பச்சையப்பனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு குழந்தைகள். பிரிந்தது, கட்டியது எல்லாம் கூட்டத்து வழக்கப்படி. இப்போது அரசாங்கம் அவர்களில் இருபத்திரண்டு குடும்பத்துக்கு ஆற்றங்கரை மேட்டில் வீட்டுமனைப் பட்டா கொடுக்கிறது, பெண்கள் பெயரில். ஆபீஸ் பதிவில் இன்னும் துலுக்காணம் மனைவி என்றே இருப்பதால், கெங்கம்மாவிடம் மட்டும் விவாகரத்து உத்தரவைக் கொண்டுவா என்கிறார்கள். மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள். துலுக்காணமோ, பிரியவே இல்லை, அவள் இன்னும் என் மனைவிதான் என்று எதிர்த்து நிற்கிறான். மனைவி என்றால் மனையில் பாதி உனக்கு என்று யாரோ அவன் காதில் ஓதியிருக்கிறார்கள்.

எனக்குக் கவலையில்லை. சமூகத்தின் வழக்கப்படி நடந்த மணமுறிவில் கை வைப்பதில்லை என்று இந்து திருமணச் சட்டமே ஓர் உட்பிரிவில் சொல்கிறது. அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று நிரூபித்தால் போதும். நான் நிரூபிப்பேன்.

வீட்டு மோட்டார் மறுபடியும் தண்ணீர் ஏற்றவில்லை. கணவர் நெடுஞ்செழியன் இங்கே இருந்தால் ஒரு தட்டுத் தட்டி ஓட வைப்பார்.

குமாஸ்தா பக்கிரிசாமி சாயங்காலம் கேட்டார்: "பலகை வெளுத்துப் போச்சும்மா. பெயிண்டர் தெருவுலதான் வேலை செய்றான். எழுதச் சொல்லட்டுமா? எப்படி எழுதணும்?"

"இருக்குற மாதிரியே எழுதச் சொல்லுங்க. தமயந்தி நெடுஞ்செழியன், பி.எஸ்சி., பி.எல்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 12, புதன்

கெங்கம்மா கூண்டில் ஏறும்வரை எல்லாம் சரியாக இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் கோவிந்தராசு சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். "உன் முதல் புருஷன் பேர் என்னம்மா?"

கெங்கம்மா என்னைப் பார்த்தாள்.

"இதோ நிக்கிறாரே, இவர் யாரு?"

"வாத்துக்காரரு."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியம்மா பொறுமைசாலி. "புருஷன் பேரைச் சொல்ல வெட்கமா இருக்காம்மா? இங்க சொல்லலாம், தப்பில்ல" என்றார்.

"பச்சையப்பன் பேரை மட்டும் இப்ப சொன்னியேம்மா?" என்றார் கோவிந்தராசு.

"அவரு என் வூட்டுக்காரரு. சொல்லலாம்."

"அப்ப இவர் பேரு?"

"வேணாங்க."

முதல் திருமணத்தையே மறைக்கப் பார்க்கும் சாட்சி என்று கோவிந்தராசு பதிவு செய்யச் சொன்னார். என் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் வைத்துக் கெங்கம்மாவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். ஒரே ஒரு பேர் சொல்ல வாய் வலிக்கிறதா, ஒரு வருஷ உழைப்பு வீண், இனி நீயே வாதாடிக்கொள் என்றெல்லாம். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்: "நீங்க கேட்டிருந்தா மொதல்லியே சொல்லியிருப்பேனே, வக்கீலம்மா."

என்ன கேட்டிருந்தால் என்று நான் அப்போதும் கேட்கவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கோபம் தீரவில்லை. தோசை மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது. துடைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

ஸ்கூட்டரில் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனேன். அறுத்த வயலில் இரண்டாயிரம் வாத்துகள் இருக்கும். அந்த நாற்றத்தில் முதல் ஐந்து நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை. கெங்கம்மா கூடாரத்து வாசலில் உட்கார்ந்து முட்டைகளை வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பச்சையப்பன் டீ கொண்டுவந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள்.

"சரி, கேக்குறேன். நீங்க எப்படிப் பிரிஞ்சீங்க?" என்றேன்.

அவள் முட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ரெண்டு பேருக்கும் ஒத்து வரலன்னா, காலைல வாத்தைத் தண்ணில வுட்டப்புறம் கூட்டத்துல ஏழு பேரு கரைமேல நிப்பாங்க. புருசனும் பொஞ்சாதியும் முழங்கால் தண்ணில நிக்கணும். அவரு பேரை நான் மூணு தபா சொல்லணும். என் பேரை அவரு மூணு தபா சொல்லணும். அப்புறம் வாயைக் கொப்புளிச்சுத் துப்பிட்டுக் கரையேறிடுவோம். பேரைத் திருப்பிக் குடுத்தாச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேரு நம்ம வாயில வரக்கூடாது."

"தப்பித் தவறி வந்துட்டா?"

"வந்தா திரும்பக் கட்டிக்கினா மாதிரி. நான் அவரு பேரைச் சொன்னா அவரு கூடாரத்துக்குப் பூடணும். அவரு என் பேரைச் சொன்னா என்னைக் கூட்டினு போவலாம். இவரு ஒண்ணும் கேக்க முடியாது." பச்சையப்பனைக் காட்டினாள். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரே டம்ளரை வெகுநேரம் கழுவினார்.

இதைத்தான் புதன்கிழமை கூண்டில் நிறுத்தி அவளிடம் கேட்டிருக்கிறோம். பேரைச் சொல்லியிருந்தால் வழக்கு எனக்கு நல்லபடி போயிருக்கும், அவள் துலுக்காணத்தின் கூடாரத்துக்குப் போயிருப்பாள்.

"ஒருத்தர் சொல்லிட்டு, இன்னொருத்தர் சொல்லாம வாயை மூடிக்கிட்டு நின்னா?" என்று கேட்டேன். வக்கீல் என்ற முறையில் கேட்க வேண்டிய கேள்விதான்.

"அப்ப முறியாது. சொல்லாதவங்க சொமந்துக்கினு திரிய வேண்டியதுதான். எங்க கூட்டத்துல அவங்களை மூட்டைக்காரின்னு கிண்டல் பண்ணுவோம்."

பக்கத்துக் கூடாரத்துப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

ஒரு பை நிறைய முட்டை கொடுத்து அனுப்பினார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மனுவை எடுத்துப் படித்தேன். "பெரியவர்கள் முன்னிலையில் சமூக வழக்கப்படி இருவரும் பிரிந்தனர்." ஒரே வரி. அதுவும் வேறொரு வழக்குக்காக ஆறு வருஷத்துக்கு முன் எழுதிய வரி, அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். என்ன வழக்கம் என்று அவளிடம் கேட்கத் தோன்றவில்லை. வழக்கம் என்றால் நாலு கிழவர்கள், ஒரு மரத்தடி, ஒரு தீர்ப்பு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பிழை முழுக்க என்னுடையது. வெளியே சொல்லப்போவதில்லை.

ஆனால் வழக்கம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஏழு சாட்சி, பொது இடம், இருவர் சம்மதம், மூன்று முறை உறுதி. பரஸ்பர விவாகரத்தில் சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறது. கூடுதலாக ஆறு மாத அவகாசமும் ஃபைல் நம்பரும். நாளைக்கே மனுவைத் திருத்த அனுமதி கேட்கிறேன்.

வெள்ளைத்தாள் தேடி இழுப்பறையைத் திறந்தபோது நெடுஞ்செழியன் திருப்பூரிலிருந்து அனுப்பிய கவர் கையில் பட்டது. எங்கள் விவாகரத்து மனுவில் அவர் போட வேண்டிய கையெழுத்தையெல்லாம் போட்டிருக்கிறார். என் வேலையெல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும் என்று வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக வரவில்லை, அதற்கு நான் என்ன செய்வது?

வாத்து முட்டை ஆம்லெட் செய்தேன். பெரிது. ஒரு ஆளுக்கு அதிகம்.

பிப்ரவரி 24, திங்கள்

மனுத் திருத்தம் ஆகிவிட்டது. இன்று கூட்டத்தின் நாட்டாண்மை எட்டியப்பன் சாட்சி சொன்னார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மொபைலில் மழை வருமா என்று பார்த்துவிட்டுத்தான் கூண்டிலேயே ஏறினார்.

பேர் திருப்புவதை நன்றாக விளக்கினார். கோவிந்தராசு எழுந்தார்.

"ஊரெல்லாம் சுத்துறவங்களுக்கு ஒரு சட்டம், வீடு கட்டிக் குடியிருக்கிறவங்களுக்கு ஒரு சட்டமா, அம்மா? நாளைக்கு எவனாவது வாயைக் கொப்புளிச்சுட்டு இவ என் பொண்டாட்டி இல்லைன்னுட்டுப் போயிடலாமா? அப்புறம் ஏமாந்த பொம்பளை எந்த கோர்ட்டுக்குப் போவா?"

கேள்வி நியாயமானது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். நான் எழுந்து சொன்னேன்: "ஒருத்தர் மட்டும் கொப்புளிச்சா முறியாது. ரெண்டு பேரும் சொல்லணும். அந்தப் பெண்ணோட சம்மதம் இல்லாம அங்க எதுவும் நடக்காது. சட்டம் இதை அங்கீகரிக்கலைன்னாதான் அவ ஏமாறுவா. அவ கூட்டத்துக்கு அவ பச்சையப்பன் மனைவி, ஆபீஸுக்கு துலுக்காணம் மனைவி. ரெண்டு பக்கமும் சேர்ந்து அவளை நடுத்தெருவுல நிறுத்துறோம்."

நீதிபதி பேனாவை மூடினார். "இதுவரைக்கும் இப்படிப் பிரிஞ்சவங்க யார் யார்? பேர் வேணும்" என்று எட்டியப்பனைக் கேட்டார்.

எட்டியப்பன் பதினோரு ஆண்களின் பேரைச் சொன்னார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு பதினோரு பெண்களின் பேரைச் சொன்னார்.

"யாரு யாருக்குப் பொண்டாட்டி?" என்றார் கோவிந்தராசு.

"அதைக் கேக்கக்கூடாதுங்க. ரெண்டு பேரையும் சேர்த்துச் சொன்னா சேர்த்து வச்ச மாதிரி. அவங்கவங்க வேற குடும்பமா நல்லா இருக்காங்க."

"இது ரேஷன் கடை லிஸ்ட், அம்மா. சாட்சியம் இல்ல."

மறுபடியும் சிரிப்பு. வழக்கத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவர்களால் வழக்கத்தை நிரூபிக்க முடியவில்லை. இப்படியொரு சிக்கலை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பயமாக இருக்க வேண்டும். எனக்கோ உற்சாகமாக இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

மோட்டாருக்கு ஆள் வந்தான். கெப்பாசிட்டர் போய்விட்டதாம். ஆறு மாதமாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, சனி

புதன்கிழமை துலுக்காணத்தை நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பேரே திருப்பவில்லை என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருக்கிறான். வக்கீல் எழுதியது, கீழே அவன் கைநாட்டு. அப்படியானால் அவன் தாராளமாகத் தன் மனைவியின் பேரைச் சொல்லலாம். அவனிடம் அந்த ஒரு கேள்விதான் கேட்கப் போகிறேன்.

இதை நினைத்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். அவன் சொல்லிவிட்டால்? கோர்ட்டில் தோற்பது ஒரு பக்கம். கூட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவன் வாயிலிருந்து அவள் பேர் வந்தால், அவர்கள் கணக்கில் அன்றைக்கே கெங்கம்மா அவன் மனைவி. பச்சையப்பனும் குழந்தைகளும் ஒரு சொல்லில் போய்விடுவார்கள். இந்த முறை கேட்காமல் செய்யக்கூடாது. மறுபடி வாத்துக்காரர்களிடம் போனேன்.

சொன்னதும் பச்சையப்பன் முதல்முறையாக என்னிடம் பேசினார். "வேணாம் வக்கீலம்மா. மனை இல்லாட்டி போவுது. கூடாரம் இருக்குது."

"உனக்குக் கூடாரம் போதும்" என்றாள் கெங்கம்மா. "மழைல புள்ளைங்களத் தூக்கிக்கினு நிக்கிறது நானு." பிறகு என்னிடம் திரும்பினாள். "கேளுங்க. சொல்ல மாட்டாரு."

"எப்படிச் சொல்றே?"

"ஏழு வருசம் கூட இருந்தேன். கோவக்காரரு, சோம்பேறி, ஊர்ப்பேச்சை நம்புறவரு. ஆனா தண்ணில நின்னு குடுத்ததைத் திரும்ப எடுக்கிற ஆளு கிடையாது."

விட்டுவிட்டு வந்த புருஷனைப் பற்றி ஒருத்தி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நெடுஞ்செழியனைப் பற்றி யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று ஸ்கூட்டரில் வரும்போது யோசித்தேன். பெட்ரோல் தீரும் நிலையில் இருந்ததால் யோசனையும் பாதியில் நின்றது.

மார்ச் 12, புதன்

முழுவதும் எழுத வேண்டும்.

வாத்துகளை இரண்டு பேரிடம் விட்டுவிட்டுக் கூட்டமே வந்திருந்தது. கோர்ட் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கெங்கம்மா முன்னால், பச்சையப்பன் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கொஞ்சம் தள்ளி, இடுப்பில் கைக்குழந்தையோடு இன்னொருத்தி. இவள்தான் இப்போது துலுக்காணத்தின் கூடாரத்தில் இருப்பவள் என்று எட்டியப்பன் என் காதில் சொன்னார். இது துலுக்காணத்தின் பிரமாணத்தில் எங்கேயும் இல்லை.

துலுக்காணம் ஆறடி உயரம். கூண்டுக்குள் குனிந்து நின்றான்.

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"பிரியவே இல்லையா?"

"இல்லீங்க." தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அப்ப உங்க மனைவி பேரைச் சொல்லுங்க."

கோவிந்தராசு எழுந்தார். "பிரமாணத்துலயே இருக்கு, அம்மா. ரெண்டாவது பத்தி."

"அவர் வாயால கேக்கணும்" என்றேன்.

நீதிபதி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "சொல்லுங்களேன். என்ன கஷ்டம்?"

துலுக்காணம் வாசலைப் பார்த்தான். வாசலில் யாரும் அசையவில்லை. அவன் வாயைத் திறந்தான். இத்தனை வருஷ பிராக்டிஸில் ஒரு சாட்சி பேசக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. கெங்கம்மா மட்டும் அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"இன்னொரு தபா கேக்காதீங்கம்மா" என்றான்.

"சொன்னா என்ன ஆகும்?" என்று நீதிபதியே கேட்டார்.

"கூட்டினு போவணும்."

"மனைவின்னா கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே? அதுக்குத்தானே எதிர்த்து நிக்கிறீங்க?"

"வூடுதாம்மா கேட்டேன்." அவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அவங்களைக் கேக்கல."

கோவிந்தராசு மெதுவாக உட்கார்ந்தார். நான் "வேறு கேள்வி இல்லை" என்றேன். நன்றாகச் சொன்னதாகத்தான் நினைக்கிறேன்.

வெளியே எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பச்சையப்பன் நேராகத் துலுக்காணத்திடம் போய் ஒரு பீடியை நீட்டினார். இருவரும் சேர்ந்து நின்று புகைத்தார்கள். கெங்கம்மா என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"பாவம்மா, அந்த ஆளு. அத்தனை பேரு முன்னால."

"நீதானே கேக்கச் சொன்னே?"

"சொன்னேன். பாவம்னு சொல்லக்கூடாதா?"

சொல்லலாம்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவனுக்குப் புனிதமான ஒன்றை அவனுக்கே வலையாக விரித்திருக்கிறேன். வலையில் விழுந்தும் அவன் அதை அறுக்கவில்லை. நான் ஜெயித்தேன், ஆனால் இன்று கோர்ட்டில் நேர்மையாக நடந்துகொண்டது அவன்தான்.

மார்ச் 13, வியாழன்

பக்கிரிசாமி, பெயிண்டர் மறுபடி கேட்கிறான் என்றார். பொறுக்கச் சொன்னேன்.

மார்ச் 26, புதன்

தீர்ப்பு. கெங்கம்மாவுக்குச் சாதகம். வழக்கம் இருக்கிறது, இருவர் சம்மதத்தோடு நடந்திருக்கிறது, செல்லும். நீதிபதி படித்ததில் ஒரு இடத்தை நகல் வரும் முன்பே ஞாபகத்திலிருந்து எழுதி வைக்கிறேன்: "எழுதப்படாத ஒரு வழக்கத்துக்கு, அதை மீறினால் தனக்கு லாபம் என்ற நிலையிலும் மீறாத ஒருவரின் மௌனத்தைவிடப் பெரிய சாட்சியம் இருக்க முடியாது." பதினைந்து வருஷம் வக்கீலாக இருந்து இப்படி ஒரு வரி எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

கூடவே ஓர் எச்சரிக்கையும் எழுதியிருக்கிறார். ஒருவர் சம்மதமில்லாமல், ஏழு பேர் இல்லாமல் யாராவது பேர் திருப்பியதாக வந்தால் சட்டம் அதை ஏற்காது என்று. அதுவும் சரிதான். எட்டியப்பனிடம் சொன்னபோது, "நாங்களும் ஏத்துக்க மாட்டோமே" என்றார்.

சாயங்காலம் துலுக்காணம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். உள்ளே கூப்பிட்டேன். கைக்குழந்தைக்காரியும் கூட இருந்தாள். பேர் சின்னபாப்பாவாம். இருபத்திரண்டு பேர் பட்டியலில் அவள் இல்லை. ஆபீஸ் பதிவில் துலுக்காணத்தின் மனைவி என்று பழையவள் பேரே இருந்துவிட்டதால் இவளை யாரும் சேர்க்கவில்லை. அவளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. "சொல்லும்மா" என்றேன்.

"துலுக்காணம்" என்றாள் சத்தமாக. சொல்லிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த ஆள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் கெங்கம்மா வந்து பட்டா நகலைக் காட்டினாள். அவள் பேர், பக்கத்தில் பச்சையப்பன் பேர். நாலு தடவை என்னை வாசிக்கச் சொன்னாள். நாளை கிளம்புகிறார்கள். வயலில் இனி மேய்ச்சல் இல்லை. ஐப்பசியில் திரும்பி வந்து அஸ்திவாரம் போடுவார்களாம். "வூடு இங்க இருக்கும், நாங்க சுத்திக்கினு இருப்போம். வருசத்துல ரெண்டு மாசம் போதும் வூடு" என்றாள். சட்டம் அவளுக்கு ஒரு விலாசம் கொடுத்திருக்கிறது, அவள் அதைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு வாத்துகளின் பின்னால் போகப் போகிறாள். எனக்கு அவள்மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது. கட்டிக்கொண்டேன். வாத்து நாற்றம் தெரியவே இல்லை.

வாசலில் என் பலகையைப் பார்த்தாள். எழுத்துக்கூட்டத் தெரியாது அவளுக்கு. "ரொம்ப நீளமா இருக்குதே, வக்கீலம்மா" என்றாள்.

மத்தியானம் பெயிண்டரை வரச் சொன்னேன். தமயந்தி, பி.எஸ்சி., பி.எல். என்று போதும் என்றேன். பலகையில் பாதி இடம் மிச்சமாகும், என்ன எழுதுவது என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம், சும்மா பெயிண்ட் அடி என்றேன்.

இன்று காலை பல் விளக்கிவிட்டு வழக்கத்தைவிட வெகுநேரம் வாய் கொப்புளித்தேன். இழுப்பறையிலிருந்த காகிதங்களில் நான் போட வேண்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் ஏழு இடம். சாயங்காலம் தபாலில் சேர்க்கப் பக்கிரிசாமியைக் கூப்பிட்டேன்.

"யாருக்கும்மா?" என்றார்.

திருப்பூர் விலாசத்தைக் கவரில் எழுதிக் கொடுத்தேன். மேலே பெயரை மட்டும் அவரையே எழுதச் சொன்னேன்.